நீந்தும் தோளுக்கு எந்தப் பலம்?
நீச்சல் காயத்தைத் தடுக்கும் பயிற்சிகள்: சப்ரகமுவத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு மீள்பார்வை

இலங்கையில் இறப்பர் அதிகம் பயிராகும் மாவட்டம் கேகாலை. இரத்தினபுரியும் அதற்கு வெகுதூரம் பின்தங்கியதில்லை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கங்களில் விடிந்தும் விடியாமலும் மரத்தில் கத்தி வைத்து எடுக்கிறார்களே, அப்படியான பாலில்தான் உலகத்து நீச்சல் வீரர்களின் பைக்குள் சுருண்டு கிடக்கும் இழுவைப் பட்டியும் உருவாகிறது. தோளில் காயம் வராதிருக்க இந்தப் பட்டியை இழு என்று பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். இழுத்தால் உண்மையில் காயம் தடுக்கப்படுமா, எந்தப் பயிற்சிக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, அதில் எவ்வளவு நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இங்கே நீச்சல் என்றால் முதலில் ஆறுதான். களனி கங்கை, சீத்தாவக்கை ஆறு, களு கங்கை, வே கங்கை என்று தோட்டங்களின் காலடியில் தண்ணீர் ஓடுகிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நீச்சலை வெறும் விளையாட்டு என்று சொல்ல வாய் வராது. ஆற்றில் கையடிக்கப் பழகிய பிள்ளைகளில் சிலர் பாடசாலைப் போட்டிகளுக்குப் போகிறார்கள். வலய மட்டம், மாகாண மட்டம், அதற்கு மேல் அகில இலங்கை மட்டம். அப்போதுதான் நீச்சல் தடாகம், மணிக்கூடு, பயிற்சி அட்டவணை எல்லாம் வருகின்றன. தோள்வலியும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

தமிழரிடையே நீச்சல் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் வல்வெட்டித்துறைப் பக்கத்துக்காரர்கள். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி. 1971இல் அதே நீரிணையை இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து திரும்பவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன். நிமிடத்துக்கு 40 கைவீச்சு என்று குறைத்து வைத்துக் கணக்குப் போட்டாலும் 51 மணித்தியாலத்துக்கு 120,000 வீச்சைத் தாண்டுகிறது. இரண்டு தோள்களும் பங்குபோட்டால் ஒரு தோளுக்கு 60,000. மனிதத் தோள் எதைத் தாங்கும் என்பதற்கு இது ஒரு முனை. மறுமுனையில், கிழமைக்கு நான்கு நாள் பயிற்சி செய்யும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, மேசையிலிருக்கும் தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுக்கும்போது முகம் சுளிக்கிறது. இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வாளர்களை ஐம்பது வருடமாக இழுத்து வைத்திருக்கும் கேள்வி.

நசுங்குகிறதா, தேய்கிறதா?

இந்த வலிக்கு ‘நீச்சல்காரரின் தோள்’ என்று பெயர் வைத்தவர்கள் கனடாவின் கென்னடியும் ஹோக்கின்ஸும். ஆண்டு 1974. அதற்கு இரண்டு வருடம் முன்னர் அமெரிக்க எலும்பு அறுவை வைத்தியர் சார்ள்ஸ் நீர் ஒரு விளக்கத்தைக் கொடுத்திருந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளின் மேற்கூரையாக இருக்கும் எலும்புக்கும் கைஎலும்பின் தலைக்கும் நடுவில் தசைநாண் நசுங்குகிறது. நசுங்கி நசுங்கி வீங்குகிறது, பிறகு கிழிகிறது. கேட்பதற்கு எளிமையாக இருந்ததால் இந்த விளக்கம் எங்கும் பரவியது. கூரை தாழ்வாக இருந்தால் கூரையைச் செதுக்கு என்று அறுவைச் சிகிச்சைகளும் பெருகின.

அந்த விளக்கம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. 2018இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, எலும்பைச் செதுக்கும் உண்மையான அறுவையையும், உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடிய போலி அறுவையையும் ஒப்பிட்டது. நோயாளிகள் உணரக்கூடிய அளவுக்கு வித்தியாசம் இல்லை. அவர்கள் நீச்சல் வீரர்கள் அல்லர், சாதாரணமாகத் தோள்வலி வந்தவர்கள். ஆனாலும் கூரைதான் குற்றவாளி என்ற வாதம் அதோடு வலுவிழந்தது.

நீச்சல் வீரர்களையே நேரடியாகப் பார்த்த ஆய்வு 2010இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 13 முதல் 25 வயது வரையான 80 முன்னணி வீரர்களில் 91 சதவீதத்தினர் தோள்வலி இருந்ததாகச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 52 பேரில் 69 சதவீதத்தினரின் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண், அதாவது தோளின் உச்சியில் கையைத் தூக்கத் தொடங்கிவைக்கும் தசையின் நாண், தடித்துக் கெட்டுப்போயிருந்தது. அது எவரில் அதிகம் என்று தேடியபோது விடை பயிற்சியின் அளவில் கிடைத்தது. கிழமைக்கு 15 மணித்தியாலத்துக்கு மேல் நீந்தியவர்களுக்கு இரட்டிப்பு வாய்ப்பு. 35 கிலோமீற்றருக்கு மேல் நீந்தியவர்களுக்கு நான்கு மடங்கு. நாண் நசுங்குவதைவிட, ஓய்வில்லாமல் உழைத்து அலுத்துப்போவதுதான் பெரிய காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்த வித்தியாசம் முக்கியமானது. நசுங்குவதுதான் நோய் என்றால் மருந்து ஐஸ், ஓய்வு, இழுத்து நீட்டுதல். தாங்குசக்திக்கு மீறிய சுமைதான் நோய் என்றால், ஒன்றில் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது தாங்குசக்தியைக் கூட்ட வேண்டும். பலப் பயிற்சியின் இடம் இந்த இரண்டாவதில்தான். என் முடிவும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் வரிசை மாறக்கூடாது. சுமைக் கணக்கு முதலில், பலம் அடுத்தது.

நீச்சலே உண்டாக்கும் ஏற்றத்தாழ்வு

தோள்மூட்டு உடம்பிலேயே தாராளமாகச் சுழலும் மூட்டு. சுழற்சிக்காக உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. கைஎலும்பின் பெரிய பந்து, சிறிய ஆழமற்ற குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நடுவில் பிடித்து வைப்பவை நான்கு சிறு தசைகள். அந்தக் குழியோ முதுகின் மேல் மிதக்கும் முக்கோண எலும்பில் இருக்கிறது. அந்த எலும்பை இடத்தில் வைத்திருப்பதும் தசைகளே.

நீந்தும்போது உடம்பை முன்னே தள்ளும் வேலையை நெஞ்சுத் தசையும் முதுகின் பெரிய பக்கவாட்டுத் தசையும் செய்கின்றன. இரண்டும் கையை உள்நோக்கிச் சுழற்றுபவை. ஒவ்வொரு கைவீச்சிலும் அவை பலமாகின்றன. கையை வெளிநோக்கிச் சுழற்றும் பின்பக்கத்துச் சிறு தசைகளுக்கு நீச்சல் அதே அளவு வேலை கொடுப்பதில்லை. 25 மீற்றருக்கு ஒரு கைக்கு 10 வீச்சு என்று வைத்தால் 2 கிலோமீற்றர் நீந்தும் பிள்ளை ஒரு தோளை 800 தடவை உள்நோக்கி இழுக்கிறது. கிழமைக்கு நான்கு நாள் என்றால் 3,200. பின்பக்கம் மெலிந்தபடியே முன்பக்கம் ஊதுகிறது. தோள் முன்னே வந்து விழுகிறது. போர்த்துக்கலில் இளம் நீச்சல் வீரர்களை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து அளந்த பட்டாலியா குழுவினர் இதையே கண்டார்கள். நீந்த நீந்த உள்சுழற்றும் பலம் கூடியது, வெளிச்சுழற்றும் பலம் அதனோடு ஓடிவரவில்லை. தரையில் செய்யும் ஈடுகட்டும் பயிற்சி அந்த இடைவெளியைக் குறைத்தது. தண்ணீருக்குள் செய்த பயிற்சியைவிடத் தரைப் பயிற்சியே நன்றாக உதவியது.

இன்னொரு தசையையும் சொல்லாமல் போக முடியாது. விலா எலும்புகளின் பக்கத்தில் அரம்பப் பல் போல ஒட்டியிருக்கும் செரேட்டஸ் ஆன்டீரியர். முக்கோண எலும்பை விலாவோடு அணைத்து, கை மேலே போகும்போது அதை மேல்நோக்கிச் சுழற்றுவது இதன் வேலை. 1991இல் கலிபோர்னியாவில் நீந்திக்கொண்டிருப்பவர்களின் தசைகளில் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். மற்றத் தசைகள் ஒரு கட்டத்தில் உழைத்து மறு கட்டத்தில் ஓய்ந்தன. செரேட்டஸும், முக்கோண எலும்பின் உட்புறத்திலிருக்கும் சப்ஸ்கெபுலாரிஸும் மட்டும் கைவீச்சு முழுவதும் ஓயவேயில்லை. வலியுள்ள தோள்களை அதே முறையில் பார்த்தபோது, தண்ணீரை இழுக்கும் கட்டத்தில் செரேட்டஸின் உழைப்பு குறைந்திருந்தது. களைத்தால் முதலில் கைவிடும் தசை எது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான தடயம் இல்லை.

ஆதாரத்தின் அளவு

பலப் பயிற்சி காயத்தைத் தடுக்கும் என்பதற்கு விளையாட்டுலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நல்ல ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கின் லோவர்சனும் குழுவினரும் 2014இல் 25 சோதனை ஆய்வுகளை, மொத்தம் 26,610 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பலப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்திருந்தது. உடம்பை இழுத்து நீட்டும் பயிற்சிக்கு அப்படி எந்தப் பயனும் தென்படவில்லை. பயிற்சி வகைகளை ஒன்றாகப் பார்த்தபோது, மிகையுழைப்புக் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன.

தோளை மட்டும் எடுத்துக்கொண்டால் நோர்வேயின் கைப்பந்து ஆய்வுதான் பலமானது. 2017இல் வெளியானது, 45 அணிகள், 660 வீரர்கள். பாதி அணிகள் சூடேற்றும் நேரத்தில் தோள்பயிற்சியைச் செய்தன. பருவம் முழுவதிலும் தோள்பிரச்சினை இருந்தவர்கள் செய்தவர்களில் சராசரி 17 சதவீதம், செய்யாதவர்களில் 23 சதவீதம். அபாயம் 28 சதவீதம் குறைவு. பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் நம்பக்கூடிய குறைவு.

நீச்சலுக்கு வரும்போது ஆதாரம் மெலிகிறது. ஆறு கிழமை, எட்டு கிழமை, பன்னிரண்டு கிழமை என்று சிறிய குழுக்களில் செய்த ஆய்வுகள் பல உண்டு. அவை கூனிய தோள் நிமிர்ந்ததையும், முக்கோண எலும்பைப் பிடிக்கும் தசைகள் பலமானதையும் காட்டுகின்றன. சிலவற்றில் வலியும் குறைந்தது. கைப்பந்து ஆய்வைப்போல நூற்றுக்கணக்கானவர்களைப் பருவம் முழுவதும் பின்தொடர்ந்து எண்ணியவை அல்ல அவை. ஆகவே பலப் பயிற்சி செய்தால் நீச்சல் காயம் வராது என்று அடித்துச் சொல்லும் பயிற்றுநரை நம்பிவிட வேண்டாம். பலமடைந்த தோளுக்கு அலுப்பு தாமதமாக வரும், அலுக்காத தோள் காயப்படும் வாய்ப்பு குறைவு என்பது வரை சொல்லலாம். இவ்வளவு மலிவான, தீங்கில்லாத ஒன்றைத் தொடங்க அந்த அளவு ஆதாரம் போதும் என்பது என் கருத்து.

யாருக்குக் காயம் வருகிறது என்பதில் 2015இல் ஹில் குழுவினர் செய்த தொகுப்பாய்வு உதவுகிறது. முன்னர் ஒருமுறை வலி வந்த தோள், மிதமிஞ்சித் தளர்ந்த மூட்டு, சுழற்சியின் அளவு, போட்டியின் மட்டம் ஆகியவற்றுக்கே ஓரளவு உறுதியான ஆதாரம் அவர்களுக்குக் கிடைத்தது. 2020இல் பெல்ஜியத்தின் ஃபெய்யனும் குழுவினரும் செய்த தொகுப்பு, பயிற்சி அளவுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பதின்ம வயதினரிடம்தான் துலங்குகிறது என்றது. ஆக, முதன்முதலாக நீச்சல் அட்டவணைக்குள் நுழையும் பதின்ம வயதுப் பிள்ளைதான் நாம் கவனிக்க வேண்டியவர்.

நம் பிள்ளைகளின் ஆபத்து வேறு மாதிரி

அவுஸ்திரேலியப் பிள்ளையின் ஆபத்து கிழமைக்கு 35 கிலோமீற்றர். தோட்டப்புறப் பிள்ளைக்கு அந்தக் கிலோமீற்றர்கள் கிடைக்கவே போவதில்லை. இங்கே ஆபத்து திடீர்த் தாவலில் இருக்கிறது. மாதக்கணக்கில் தடாகம் காணாத பிள்ளையை மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது கூட்டிப்போய், இரண்டு நேரமும் தண்ணீரில் போட்டு எடுப்பது. நெஞ்சும் மூச்சும் ஒரு மாதத்தில் பழகிவிடும், தசைநாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மொத்த அளவு குறைவுதானே என்று பயிற்றுநர் நினைக்கிறார். நேற்றுவரை எதைச் செய்தது, இன்று எதைச் செய்கிறது என்ற வித்தியாசத்தைத்தான் நாண் உணர்கிறது. ஒரு கிழமையில் நீந்திய தூரத்தை அடுத்த கிழமை கொஞ்சம் மட்டும் கூட்டு என்ற பழைய அறிவுரை இங்கே எந்த இழுவைப் பட்டியையும்விடப் பெறுமதியானது.

இரண்டாவது, ஆற்று நீச்சலின் பழக்கம். கல்லையும் மிதந்து வரும் கட்டையையும் பார்த்தாக வேண்டியதால் ஆற்றுப் பிள்ளை தலையைத் தூக்கியபடியே நீந்தும். ஆற்றில் அது புத்திசாலித்தனம். தடாகத்திலும் அதையே செய்தால் இடுப்பு தாழ்கிறது, உடம்பு உருளாமல் தட்டையாகக் கிடக்கிறது, உருளாத உடம்பிலிருந்து கையை மட்டும் சுழற்றி எடுக்க வேண்டியதாகிறது. கை தண்ணீருக்குள் இறங்கும்போது தலைக்கு முன்னால் மறுபக்கத்துக்குக் கடந்து போகிறது. அப்படிக் கடக்கும் ஒவ்வொரு வீச்சிலும் தோள் தன் எல்லையில் நிற்கிறது. தலையை நீருக்குள் வைத்து இருபக்கமும் மூச்செடுக்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அது முடியுமுன் உள்ளங்கையில் கைத்துடுப்பை மாட்டிவிடுவது வேண்டாத வேலை.

மூன்றாவதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இன்று பாடசாலை விளையாட்டுக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். தசை உணவிலிருந்து வருகிறது. காலையில் வெறும் பிளேன்டீயும் ரொட்டியும் சாப்பிட்டு வந்த பிள்ளையைப் பட்டி இழுக்கச் சொன்னால் அது களைக்கும், பலம் பெறாது. முட்டை, பருப்பு, நெத்திலி, கடலை இவற்றில் ஏதாவது ஒன்று பயிற்சி நாளிலாவது கிடைக்க வேண்டும். பாடசாலை அதை ஒழுங்குசெய்ய முடியாவிட்டால் பலப் பயிற்சியின் நேரத்தைக் குறைத்துக்கொள்வதே நேர்மை.

சைக்கிள் டியூபில் செய்வது

பட்டி வாங்கக் காசு தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை வால்வுப் பக்கத்தை வெட்டிவிட்டு நீளமாக எடுத்தால் போதும். ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். பிள்ளை கம்பிக்குப் பக்கவாட்டாக நிற்கட்டும். கம்பிக்குத் தூரமாக இருக்கும் கை முழங்கையில் மடிந்து, சட்டம் போல செங்கோணத்தில் இருக்க வேண்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துவாய் ஒன்று. இப்போது டியூபைப் பிடித்து, கதவைத் திறப்பதுபோல முன்கையை வெளியே திருப்ப வேண்டும், துவாய் விழக்கூடாது. பார்க்க மிகச் சுலபம். பார்த்துக்கொண்டே இருந்தால் நான்காவது, ஐந்தாவது தடவையில் பிள்ளை மணிக்கட்டை வளைக்கத் தொடங்கும், அல்லது இடுப்பைத் திருப்பும், அல்லது தோளைக் காதுவரை தூக்கும். சிறு தசை களைத்து வேறு தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்வதன் அடையாளம் அது. அந்த இடத்தில் நிறுத்தி டியூபைத் தளர்த்திக் கட்ட வேண்டும். திரும்பி வரும்போது டியூப் சட்டென்று இழுத்துக்கொண்டு போக விடாமல் மூன்று எண்ணிக்கைக்கு மெதுவாக விட வேண்டும். நீச்சல் பிள்ளையின் பின்தசை கையை அடக்கி நிறுத்தவும் பழக வேண்டியிருப்பதால், இந்த மெதுவாக விடுதலில்தான் பயிற்சியின் சாரமே இருக்கிறது. 12 முதல் 15 தடவை, இரண்டு சுற்று அல்லது மூன்று. பதினைந்தும் சுலபமாக வந்தால் டியூபைக் கிட்டப் பிடித்தால் இறுக்கம் கூடும்.

செரேட்டஸுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். தண்டால் நிலையில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமலேயே நெஞ்சை இரு தோள்களுக்கும் நடுவில் கீழே இறங்கவிட்டு, பிறகு தரையைத் தள்ளி முதுகை மேலே உயர்த்துவது. அசைவு இரண்டு மூன்று அங்குலம்தான். சிறு பிள்ளைகள் முழந்தாளில் நின்று செய்யலாம், இன்னும் சிறியவர்கள் சுவரில். முக்கோண எலும்பின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் தசைக்கு, குப்புறப் படுத்துக் கைகளை ஆங்கில வை எழுத்துப் போல விரித்துக் கட்டைவிரல் வானத்தைப் பார்க்கத் தூக்கி நிறுத்துவது. பிறகு டியூபை முன்னிருந்து இடுப்பை நோக்கி இழுத்து, முக்கோண எலும்புகள் இரண்டையும் நெருங்கச் செய்வது. முன்கை ஊன்றிப் பலகைபோல உடம்பை நேராக வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இடுப்பு தளர்ந்த பிள்ளையின் கை தண்ணீரில் தடம் மாறும். முழுவதற்கும் இருபது நிமிடம் போதும். கிழமைக்கு மூன்று தடவை, ஒன்றுவிட்டு ஒரு நாள். பலம் கூடியது அளவில் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். விட்டால் வந்த வழியே போய்விடும், ஆகவே போட்டிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்குவதில் அர்த்தமில்லை. முதலாம் தவணையிலேயே தொடங்க வேண்டும்.

நேரமும் முக்கியம். நீந்தப் போகுமுன் இந்தச் சிறு தசைகளைக் களைக்கவைத்துவிட்டுத் தண்ணீரில் இறக்குவது, காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறப்பதுதான். நீந்துமுன் டியூபை இலேசாக ஒரு சுற்று இழுத்துச் சூடேற்றலாம். பலத்துக்கான பயிற்சி நீந்தி முடித்த பின்னர், அல்லது நீச்சல் இல்லாத நாளில்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஒரு பிள்ளை இருக்க, பின்னாலிருந்து இன்னொரு பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே இழுத்துக் கோர்க்கும் பழைய பயிற்சி இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நீச்சல் பிள்ளைகளின் மூட்டு ஏற்கெனவே தளர்வு. அந்த இழுவை முன்பக்க மூட்டுப் பையை இன்னும் தளர்த்துகிறது. தளர்ந்த மூட்டுத்தான் ஆபத்து என்று ஹில் குழுவினரின் ஆய்வு சொல்வதை இங்கே நினைக்க வேண்டும். நீட்ட வேண்டுமானால் கதவு நிலையில் முன்கையை வைத்து நெஞ்சுத் தசையைத் தானே மெதுவாக நீட்டிக்கொள்ளட்டும். ஜிம்மில் படுத்துக்கொண்டு பாரம் தூக்குவதையும், இரட்டைக் கம்பியில் ஊன்றி ஆழமாக இறங்குவதையும் பதின்ம வயது நீச்சல் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே பலமான பக்கத்தையே அவை இன்னும் பலமாக்குகின்றன.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பாடசாலை வயது நீச்சல் வீரர்களிடம் 2013இல் ஹிபர்ட், மையர்ஸ் ஆகியோர் கேட்டபோது பத்துப் பேரில் ஏழு பேர் தோள்வலியைச் சமாளிக்க வலிமாத்திரை எடுத்ததாகச் சொன்னார்கள். நீச்சல் என்றால் தோள் வலிக்கத்தான் செய்யும் என்று அவர்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கை இங்கு வந்து சேர நாளாகாது. பயிற்சிக்குப் பிறகு தசை இலேசாக அலுத்து மறுநாள் காலையில் போய்விட்டால் பயமில்லை. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமை, விரல்களில் மரத்துப்போதல், தோள் நழுவுவதுபோன்ற உணர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்தி இரத்தினபுரி, கேகாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலை ஒன்றில் வைத்தியரைப் பார்த்து, இயன்மருத்துவரிடம் போக வேண்டும். தைலம் போட்டு உருவிவிட்டு மறுநாள் தண்ணீரில் இறக்குவது, முதல் காயத்தை இரண்டாவது காயமாக்கும் வழி.

தண்ணீருக்கு வெளியிலுள்ள தோள்கள்

இந்த ஆய்வுகளை எல்லாம் தோட்டத்தில் இருந்துகொண்டு படிக்கும் ஒருவரால் பிள்ளையின் தோளோடு பேச்சை நிறுத்த முடியாது. கிழமைக்கு 15 மணித்தியாலம் என்று வாசித்த உடனே, காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பெரட்டுக்களம் நினைவுக்கு வருகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் அந்த 15 மணித்தியாலத்தை இரண்டு நாளில் தாண்டிவிடுகிறாள். கை முன்னே நீண்டபடி, விரல்கள் ஓயாமல், தலைக்கயிற்றில் கூடை தொங்க, காலையிலிருந்து மாலைவரை. தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று நாட்பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, அளவு வைத்திருக்கிறார்கள். நீச்சல் பிள்ளைக்குப் பருவம் முடிந்தால் ஓய்வு உண்டு. இவளுக்குப் பருவம் முடிவதில்லை. மழை வந்து கொழுந்து பெருகும் மாதங்களில் சுமை கூடுகிறது, அதுவும் திடீரென்று.

இறப்பர் மலையில் தோளின் கதை வேறு. ஒருநாளைக்கு ஏறக்குறைய 300 மரம். புதிய மரத்தில் வெட்டுப்பட்டை நெஞ்சு உயரத்துக்குக் கீழே போவதால் தோளுக்கு அவ்வளவு கஷ்டமில்லை, குனியும் இடுப்புத்தான் நோகும். மரம் முதிர்ந்து கீழ்ப்பட்டை தீர்ந்த பின்னர் மேலே வெட்டத் தொடங்கும்போது கதை மாறுகிறது. தலைக்கு மேல் கையை உயர்த்தி, நீண்ட பிடியுள்ள கத்தியை மரத்தின் உயிர்ப்படையைத் தொடாமல் மில்லிமீற்றர் கணக்கில் நடத்த வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. பலத்தோடு நிதானமும் வேண்டும் என்பதால் தோளின் சிறு தசைகள் நிமிடக்கணக்கில் இறுகியபடி நிற்கின்றன. உயர்த்திய கையில் இறுகி நிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறையும். சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் அலுத்துப்போக இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் இவர்களுக்கும் சைக்கிள் டியூபைக் கொடுத்துவிடலாமா? மேல்வெட்டு வெட்டுபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவர்களின் வேலை அதிகாலையில் தொடங்கிப் பால் சேர்த்து முடிவதோடு ஒரு இடைவெளி விடுகிறது, மழை நாட்களில் வெட்டே இல்லை. வெளிச்சுழற்றும் தசையையும் செரேட்டஸையும் பலப்படுத்த அந்த நேரம் போதும். கீழ்வெட்டையும் மேல்வெட்டையும் நாளுக்கு நாள் மாற்றிக் கொடுத்தால் அது பயிற்சியைவிடப் பெரிய உதவி.

கொழுந்து பறிப்பவர்கள் விடயத்தில் என் நிலைப்பாடு வேறு. எட்டு மணித்தியாலம் கூடை சுமந்து வந்து, லயத்தில் தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கி, சமைத்து முடித்த பெண்ணிடம் இன்னும் மூன்று சுற்று பயிற்சி செய் என்று கையேடு நீட்டுவது சரியல்ல. சுமை மீறிய தோளுக்குச் சுமையைக் குறை என்பதுதான் நீச்சல் ஆய்வுகள் சொன்ன முதல் பாடம்; பயிற்சியை முதலில் வைத்தால் பழி உழைப்பவரின் உடம்பின் மேல் விழுகிறது. அவர்களுக்குச் செய்யக்கூடியவை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. தலைக்கயிற்றுக்குப் பதில் இரண்டு தோளிலும் இடுப்பிலும் பாரத்தைப் பகிரும் பட்டிகள். காலையிலும் பின்னேரத்திலும் கூடையை இறக்கிவைத்துக் கையைத் தொங்கவிட்டு நிற்க ஐந்து ஐந்து நிமிடம், அதுவும் சம்பளத்தோடு. கொழுந்து பெருகும் மாதத்தில் அளவை ஒரேயடியாக உயர்த்தாமல் கிழமைக் கிழமையாக உயர்த்துவது. நிறுவையும் அப்படித்தான்: 18 கிலோவை இரண்டு தடவையாக நிறுக்கும் தோட்டத்தில் கூடை நிறையும்போது கழுத்திலும் தோளிலும் 9 கிலோ தொங்குகிறது. அதே கொழுந்தை மூன்று தடவையாக நிறுத்தால் அது 6 கிலோவாகும். தராசு இன்னொரு முறை மலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் செலவு.